கோட்டை மைதானத்துக்கும் பரங்கிமலைக்கும் நடுவே: வட ஆற்காட்டில் கல்லூரி அதிகாரிப் பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரு போனவன் அன்று ராத்திரியே திரும்பிவிட்டான். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்குப் போன் செய்தான். "சார், ஸ்கிரீனிங்லயே அவுட் ஆயிட்டேன் சார்." அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இது நடந்தது 2014இல். எங்கள் கல்லூரி என்.சி.சி. கம்பெனியின் சீனியர் அண்டர் ஆபீசர் அவன். நூற்றுக்கு மேற்பட்ட கேடட்டுகளை ஒரே குரலில் அசையாமல் நிறுத்துவான். மழை பெய்தாலும் ஐந்தே முக்காலுக்கு மைதானத்தில் இருப்பான். பி.எஸ்சி. கணிதத்தில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண், என்.சி.சி.யின் மேல்நிலைத் தேர்வான ‘சி’ சான்றிதழில் ‘பி’ கிரேடு. அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவ அதிகாரி ஆக என்னென்ன வேண்டும் என்று நாங்கள் நம்பினோமோ, அத்தனையும் அவனிடம் இருந்தது. எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் சோதனையில் முதல் நாள் மத்தியானத்தைத் தாண்ட அது போதவில்லை.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பதினான்கு ஆண்டுகள் ஏ.என்.ஓ.வாக, அதாவது என்.சி.சி. கம்பெனியைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியராக இருந்தேன். அந்தப் பையன் தோற்றதில் எனக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று யோசிக்கத் தொடங்கியபோது, விஷயம் அவனோடும் என்னோடும் நிற்கவில்லை. நூறு ஆண்டுக்குப் பின்னால் போனது. நம் பல்கலைக்கழகங்களில் அதிகாரிப் பயிற்சி என்று ஒன்று எதற்காகத் தொடங்கியது, நடுவில் என்னவாக மாறியது, வேலூர் மாதிரி ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அதில் என்ன மிச்சமிருந்தது என்பதெல்லாம் இந்த ஒரு பையன் கதைக்குள் இருக்கிறது.

ஊரும் சிப்பாயும்

வேலூருக்கு ராணுவம் புதிதல்ல. 1806 ஜூலை 10ஆம் தேதி விடிவதற்குள் கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்ததை இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். புதுத் தலைப்பாகை, தாடி வைக்கக் கூடாது, நெற்றியில் சாதி சமயக் குறி கூடாது என்று மேலிருந்து வந்த உத்தரவுகள்தான் அன்று தீ மூட்டின. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, அன்று பகலுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார். இன்றைக்கும் கோட்டைக்குள் காவலர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அகழியை ஒட்டிக் காலையில் நடக்கப் போகிறவர்கள் ஓடும் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நடக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். கணியம்பாடி பக்கத்தில் கம்மவான்பேட்டை என்ற கிராமம் இருக்கிறது. முதல் உலகப் போர் காலத்திலிருந்து பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்; வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார், இல்லாவிட்டால் இருந்திருப்பார் என்று சொல்வார்கள். குடியாத்தம், அணைக்கட்டு, போளூர் பக்கமெல்லாம் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று வழி சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆள்சேர்ப்பு முகாம் என்றால் முதல் நாள் ராத்திரியே மைதானத்துக்கு வெளியே துண்டு விரித்துப் படுத்திருக்கும் பையன்களை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த வீடுகளின் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார், எப்போதாவது ஒரு சுபேதார். லெப்டினன்ட் படம் ஒன்றைத் தேட வேண்டும். அந்தப் பையனின் அப்பாவிடம், என்.சி.சி. பிள்ளைகள் எழுத்துத் தேர்வு இல்லாமல் அதிகாரித் தேர்வுக்குப் போகும் ஸ்பெஷல் என்ட்ரிக்கு விண்ணப்பம் போடலாமா என்று கேட்கப் போனபோது அவர் சொன்னார்: "இருபத்திரண்டு வருஷம் சல்யூட் அடிச்சேன் சார். ஆபீசருங்க வேற மாதிரி ஆளுங்க. இவன் ஜவானா சேர்ந்தா போதும், பென்ஷன் வரும்." கசப்பு எதுவும் இல்லாமல், வானிலை சொல்வது போலச் சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது.

காக்கி பல்கலைக்கழகத்துக்குள் வந்த விதம்

முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1917ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டத்தின் கீழ் ‘யூனிவர்சிட்டி கோர்’ என்ற பெயரில் மாணவர் படை தொடங்கியது. 1920இல் பிராந்தியப் படைச் சட்டம் வந்ததும் அதுவே யூ.டி.சி. எனப்படும் பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாக மாறியது. ராணுவத்தைப் போலவே சீருடை, டிரில், துப்பாக்கி, முகாம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பட்டாலியன் இருந்தது. அன்றைய வட ஆற்காட்டுக் கல்லூரிகளுக்குச் சென்னைதான் பல்கலைக்கழகம். 1898இல் அமெரிக்க ஆற்காடு மிஷன் தொடங்கிய வேலூர் ஊரீசுக் கல்லூரியும், 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும் அதற்குள் அடக்கம். வேலூருக்குப் பக்கத்திலேயே, சேர்க்காட்டில், திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்று சொந்தமாக ஒன்று வந்தது 2002இல்தான்.

அந்தக் காலத்தில் இந்தியன் ஒருவன் ராணுவ அதிகாரி ஆவது எத்தனை கடினம் என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். 1918இலிருந்து இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் அகாடமியில் இந்தியர்களுக்கு ஆண்டுக்குப் பத்து இடம். இந்தியா முழுமைக்கும் பத்து! இதைக் கூட்ட என்ன செய்யலாம் என்று ஆராய 1925இல் ஜெனரல் ஸ்கீன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. இந்தியாவிலேயே அகாடமி வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1932இல் டேராடூனில் அகாடமி வந்தது. இப்படி மேலே ஒரு கதவு மெல்லத் திறந்துகொண்டிருந்தபோது, கீழே கல்லூரியில் காக்கி போட்ட மாணவனுக்கு அந்தக் கதவுக்குப் போகும் வழி என்று எதுவும் போட்டுத் தரப்படவில்லை. பயிற்சி உண்டு, பதவி கிடையாது.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பார்த்தால் நம் நிலை புரியும். 1862இல் நிலக்கொடைக் கல்லூரிகளுக்கான சட்டம் போட்டபோதே, அங்கே விவசாயம், பொறியியலோடு போர்க்கலையும் சொல்லித்தர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 1916இல் ஆர்.ஓ.டி.சி. என்ற ரிசர்வ் அதிகாரிப் பயிற்சிப் படை வந்தது. அதை முழுதாக முடிக்கும் மாணவன் பட்டத்தோடு அதிகாரிப் பதவியும் பெறலாம். நம்முடையதில் பெயர் மட்டும்தான் அந்தத் திசையில் போனது. 1942இல் யூ.டி.சி.யின் பெயரை யூ.ஓ.டி.சி. என்று மாற்றினார்கள். ‘ஆபீசர்ஸ்’ என்ற சொல் நடுவில் ஏறியது. இரண்டாம் உலகப் போர் முடியும்போது, இந்தப் படை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பது தெரிந்துவிட்டது.

எதிர்பார்ப்பு என்ன என்பதையே தெளிவாக வைக்காத ஒன்று எதிர்பார்ப்பை எப்படி நிறைவேற்றும் என்று எனக்குத் தோன்றும்.

1946இல் எச்.என். குன்ஸ்ரு தலைமையில் குழு அமைந்தது. 1947 மார்ச்சில் அறிக்கை தந்தது. 1948 ஏப்ரலில் என்.சி.சி. சட்டம் நிறைவேறி, ஜூலை 15ஆம் தேதி தேசிய மாணவர் படை பிறந்தது. அடுத்த ஆண்டு மாணவியர் பிரிவு, 1950இல் விமானப் பிரிவு, 1952இல் கடற்படைப் பிரிவு. இந்தச் சட்டத்தில் முக்கியமான ஒரு விதி உண்டு: கேடட்டாக இருக்கிறான் என்பதற்காக மட்டும் யாரையும் போர்ப் பணிக்கு அழைக்க முடியாது. நல்ல விதிதான். மாணவன் முதலில் மாணவன். ஆனால் அதே விதியோடு, இது அதிகாரிகளைத் தயாரிக்கும் இடமா, நல்ல குடிமக்களைத் தயாரிக்கும் இடமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இரண்டும்தான் என்றார்கள். எழுபத்தைந்து ஆண்டுகளாக இரண்டும்தான் என்கிறோம். குடிமகன் பக்கம் நன்றாகவே நடந்திருக்கிறது என்று மனசாரச் சொல்வேன். ரத்ததானம், வெள்ள நிவாரணம், போக்குவரத்து ஒழுங்கு என்று எங்கள் பிள்ளைகள் நின்ற இடங்களை நான் மறக்க மாட்டேன். அதிகாரி பக்கம்தான் பலவீனம்.

1963

சீனப் போர் எல்லாவற்றையும் அவசரப்படுத்தியது. 1962 அக்டோபர் 26ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், வேலூர் ஊரீசுக் கல்லூரியில் படித்தவர். ராணுவத்தை விரிவாக்க அதிகாரிகள் உடனே தேவைப்பட்டார்கள். 1963 ஜனவரி 15ஆம் தேதி சென்னை பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. முதலில் அவசரகால அதிகாரிகளை அனுப்பியது, 1965இலிருந்து குறுகிய காலப் பணி அதிகாரிகளை. 1988இல் ‘அகாடமி’ என்று பெயர் மாறியது. 1992இலிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

வேலூரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துச் சங்கதி. டேராடூன் எங்கேயோ இருந்தது. இது நம் வாசலிலேயே வந்து நின்றது.

அதே 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது. இங்கேதான் என் பார்வையில் பெரிய நழுவல் நடந்தது. அதற்கு முன்பு, அதிகாரி ஆகத் தகுதியுள்ள மாணவர்களைத் தனியாகப் பொறுக்கி எடுத்துப் பயிற்சி தர ‘ஆபீசர்ஸ் ட்ரெயினிங் யூனிட்’ என்று ஒரு பிரிவு கொஞ்ச காலம் இருந்தது. கட்டாயப் பயிற்சி வந்ததும் அது பொதுப் பிரிவில் கரைந்துபோனது. எல்லாருக்கும் டிரில் என்றானபோது சிலருக்கு மட்டும் வேண்டிய பாடம் காணாமல் போயிற்று. ஒரே ஒரு ஆசிரியர், ஒரு கம்பெனி, வாரத்துக்கு இரண்டு பரேட். அதில் யாரைத் தனியாகக் கவனிப்பது?

சாவ்தான்

கட்டாயம் நீங்கியது 1968இல். அந்த ஆண்டு தமிழ்நாட்டு என்.சி.சி.க்கு வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்க வேண்டிய ஆண்டு.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள், 1967 டிசம்பரில் ஆட்சிமொழிச் சட்டத்திருத்தமும் அதோடு வந்த தீர்மானமும் மறுபடி மாணவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. 1968 ஜனவரி 23ஆம் தேதி அண்ணா தலைமையிலான அரசு சட்டப்பேரவையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மும்மொழித் திட்டத்தை விட்டு இருமொழியை ஏற்றது அந்தத் தீர்மானம்தான். அதிலேயே இன்னொரு வரியும் இருந்தது: என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது.

மாநிலத்தின் மொழிக்கொள்கையையே தீர்மானிக்கும் ஒரு ஆவணத்தில் கல்லூரி மைதானத்தின் டிரில் சொற்களுக்கு ஒரு வரி ஒதுக்கினார்கள் என்றால், அன்றைய மாணவர்களுக்கு அது எவ்வளவு உறுத்தியிருக்கும்! வகுப்பில் இந்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவன் மைதானத்தில் ‘சாவ்தான்’ என்ற சொல்லுக்குக் குதிகாலை ஒட்டி நிற்க வேண்டும். உடம்பே கீழ்ப்படிய வேண்டிய சொல் அது. 1806இல் தலைப்பாகை, 1968இல் கட்டளைச் சொல். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஒன்றில் ரத்தம் ஓடியது. ஆனால் உடம்பின் மேல் வந்து உட்காரும் உத்தரவை இந்த மண் சும்மா வாங்கிக்கொள்வதில்லை என்பதை இரண்டிலும் பார்க்கிறேன். அண்ணா அரசு அந்த வரியைச் சேர்த்தது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்றைக்கு வேலூரில் எந்தக் கல்லூரி மைதானத்துக்குப் போனாலும் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’, ‘தாஹினே மூட்’, ‘தேஜ் சல்’ என்றுதான் கேட்கும். பிள்ளைகள் அதற்குப் பொருள் தேடுவதில்லை. பி.ஐ. ஸ்டாஃப், அதாவது ராணுவத்திலிருந்து வரும் பயிற்றுநர் சொல்கிறார், கால் திரும்புகிறது. மொத்தம் இருபது முப்பது சொல். ஒரே மாதத்தில் பழகிவிடும். அந்தப் பையனும் அப்படித்தான் பழகினான், பிறகு அதே சொற்களால் நூறு பேரை ஆண்டான்.

அவனைத் தடுத்தது அந்தச் சொற்கள் இல்லை. இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

பெங்களூருவில் என்ன நடந்தது

என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரியின் சலுகை இதுதான்: ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டத்தில் ஐம்பது விழுக்காடும், 19க்கும் 25க்கும் இடைப்பட்ட வயதும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம். தேர்வானால் பரங்கிமலையில் 49 வாரம் பயிற்சி, பிறகு லெப்டினன்ட். எழுத்துத் தேர்வு இல்லை என்றதும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தோம்.

முதல் நாள் காலையில் அறிவுத்திறன் தேர்வு. அதில் அவனுக்குச் சிரமம் இல்லை, கணக்குப் பையன். அடுத்து, மங்கலான ஒரு படத்தை முப்பது வினாடி காட்டி, நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுதச் சொன்னார்கள். எழுதினான். பிறகு பதினைந்து பேர் வரை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் தன் கதையை ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லாரும் விவாதித்துப் பொதுவாக ஒரு கதைக்கு வர வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில்.

"என் கதை நல்லா இருந்துச்சு சார். டிஸ்கஷன்ல வாயத் தொறக்கறதுக்குள்ள ரெண்டு பேரு பேசி முடிச்சுடறாங்கோ. நான் தமிழ்ல யோசிச்சு, இங்கிலீஷ்ல கட்டி, கிராமர் பாத்து, ‘ஐ திங்க்’னு ஆரம்பிச்சா, பேச்சு எங்கியோ போயிட்டிருக்கும் சார்."

இரண்டாம் தடவை, அடுத்த ஆண்டு, ஸ்கிரீனிங்கைத் தாண்டினான். ஐந்து நாளும் இருந்தான். மனோதத்துவச் சோதனையில் அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வினாடி. சொல்லைப் பார்த்ததும் மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். முப்பத்தெட்டுக்குத்தான் எழுதினானாம். மைதானச் சோதனைகளில் அவனை மிஞ்ச ஆளில்லை. பலகையும் கயிறும் கொடுத்து எட்டுப் பேரைத் தடை தாண்ட வைக்கும் சோதனையில், மற்றவர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே இவன் பலகையைச் சரியான இடத்தில் போட்டு ஏறிவிட்டான். ஏன் அங்கே போட்டான் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. அதிகாரியைத் தேடும் இடத்தில் அது பெரிய குறை. நேர்முகத்தில், உங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டு அதன் எதிரே பரேட் செய்தவன். நான்கு வாக்கியத்தோடு நின்றுவிட்டான். ஐந்தாம் நாள் மாநாட்டுக்குப் பிறகு வாசித்த எண்களில் அவனுடையது இல்லை.

இந்தி கூடாது என்று நாம் போராடியது சரி. ஆனால் நம் கிராமத்துப் பையனை அதிகாரி வரிசையிலிருந்து ஓசையில்லாமல் கழித்துக்கொண்டிருந்தது இன்னொரு மொழி. அதை எதிர்த்துப் போராடவும் வேண்டியதில்லை, கற்றுக்கொடுத்திருந்தால் போதும். பாடத்தில் ஆங்கிலம் படிக்கிறான். தேர்வு எழுதித் தேறுகிறான். பதினைந்து பேர் நடுவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே பேசும் ஆங்கிலம் அவன் வாழ்க்கையில் எந்த இடத்திலும் வந்ததே இல்லை. சென்னையிலோ பெங்களூருவிலோ அதிகாரி வீட்டில் வளர்ந்த பையனுக்கு அது சாப்பாட்டு மேசையில் கிடைத்துவிடுகிறது. அந்த ஹவில்தார் ‘வேற மாதிரி ஆளுங்க’ என்று சொன்னாரே, அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

என் பங்கு

ஸ்பெஷல் என்ட்ரி என்று ஒன்று இருப்பதை அவனிடம் நான் முதன்முதலில் சொன்னது மூன்றாம் ஆண்டு ‘சி’ தேர்வு முடிந்த பிறகு. அதுவும் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. பட்டாலியனிலிருந்து வரும் சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் என் வேலை முடிந்தது என்று பல ஆண்டு இருந்திருக்கிறேன். முகாமுக்கு ஆள் அனுப்புவது, சீருடை வாங்கித் தருவது, பரேட் முடிந்ததும் சிற்றுண்டி கணக்கை முடிப்பது, குடியரசு தின முகாமுக்கு நம் கல்லூரியிலிருந்து ஒருவராவது டெல்லி போக வேண்டும் என்ற ஆசை. மூன்று ஆண்டும் இதிலேயே ஓடிவிடும். ஏ.என்.ஓ.க்களைப் பயிற்றுவிக்கும் காம்ப்டி அகாடமியில் எனக்குக் கொடுத்த பயிற்சியிலும் டிரில்லும் ஆயுதமும் வரைபடமும் நிறைய இருந்தன. ஒரு பையனை எஸ்.எஸ்.பி.க்கு எப்படித் தயார் செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. கீழ்ப்படிகிற பையன்களையே நான் சீனியர் அண்டர் ஆபீசராகத் தேர்ந்தெடுத்தேன். எதிர்த்துக் கேள்வி கேட்கிறவன், முகாமில் சாப்பாடு சரியில்லை என்று நேரே வந்து சொல்கிறவன், அவனை இரண்டாம் வரிசையில் வைத்தேன். அதிகாரித் தேர்வு வாரியம் தேடும் பதினைந்து குணங்களில் முன்முயற்சியும் பேச்சாற்றலும் தைரியமும் இருக்கின்றன. நான் ஹவில்தார்களுக்கான கண்ணாடி வழியாக அதிகாரிகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2015க்குப் பிறகு சிலவற்றை மாற்றினோம். சேர்க்கை நாளிலேயே, முதலாண்டுப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கும் பெற்றோருக்கும் பரங்கிமலை வழியை விளக்கிச் சொல்லத் தொடங்கினேன். சனிக்கிழமை பரேடின் கடைசி இருபது நிமிடத்தை டிரில்லிலிருந்து எடுத்துக்கொண்டோம். ஒரு தலைப்பு, மூன்று நிமிடம். முதலில் தமிழில் பேச வேண்டும், அடுத்த வாரம் அதே தலைப்பை ஆங்கிலத்தில். தமிழில் முதலில் பேச வைத்தது எனக்கே தற்செயலாகத் தோன்றிய யோசனை. ஆனால் அதில்தான் பலன் தெரிந்தது. சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்று தன் மொழியில் ஒருமுறை நிரூபித்துவிட்டவன் மறுவாரம் ஆங்கிலத்தில் தடுமாறினாலும் நிறுத்துவதில்லை. பலகை, கயிறு, பீப்பாய் வைத்துச் செய்யும் குழுச் சோதனையை உடற்கல்வி ஆசிரியரின் உதவியோடு மைதானத்திலேயே அமைத்தோம். ஒரு நிபந்தனை: யோசனையை வாயால் சொல்லாமல் பலகையைத் தொடக் கூடாது.

பெண் கேடட்டுகள் இதில் சீக்கிரம் முன்னேறினார்கள். காரணம் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ராணுவம் என்றாலே ஜவான் என்ற வீட்டுப் பழக்கம் அவர்கள் மேல் ஏறாததாக இருக்கலாம். 2020 பிப்ரவரியில் பெண்களுக்கு நிரந்தரப் பணி குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, ஒரு மாணவி அதைத் தலைப்பாக எடுத்து, குறிப்புச் சீட்டு இல்லாமல் மூன்று நிமிடம் பேசினாள். அவள் எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாளும் இருந்துவிட்டு வந்தாள். தேர்வாகவில்லை. மறுபடி போவேன் என்றாள்.

2021இல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யை விருப்பப் பாடமாக மதிப்பெண்ணோடு எடுக்க வழி செய்தது. கேடட் எண்ணிக்கையை இருபது லட்சமாக்க 2024இல் ஒப்புதல் வந்தது. எண்ணிக்கை கூடும்போதெல்லாம் எனக்கு 1963 நினைவுக்கு வருகிறது. இருபது லட்சம் பேருக்கு டிரில் கற்பிக்கலாம். அதில் அதிகாரி ஆகக்கூடியவனை முதலாண்டிலேயே கண்டுபிடித்துக் கைதூக்கிவிட, அந்தப் பழைய அதிகாரிப் பயிற்சிப் பிரிவு மாதிரி ஒன்று ஒவ்வொரு பட்டாலியனிலும் மறுபடி வர வேண்டும். இருபது பேர் போதும், வாரம் ஒருநாள் போதும், பெருஞ்செலவும் ஆகாது.

அவன்

இரண்டாம் தோல்விக்குப் பிறகு அவன் அப்பா சொன்னபடி சிப்பாயாகவே சேர்ந்தான். இருபத்திரண்டு வயது, கிளார்க் பிரிவுக்கு அப்போது வயது வரம்பு இருபத்து மூன்று என்பதால் இடம் கிடைத்தது. ‘சி’ சான்றிதழ் அங்கே கைகொடுத்தது. எனக்கு அது தோல்வியாகவே பட்டது. அவனிடம் சொல்லவில்லை.

ஏ.சி.சி. என்று ஒரு வழி உண்டு. ராணுவத்தில் சேர்ந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றிய சிப்பாய், வயது வரம்புக்குள் இருந்தால், தேர்வு எழுதி, எஸ்.எஸ்.பி. முடித்து, டேராடூனில் ஆர்மி கேடட் காலேஜில் சேரலாம். அங்கே மூன்று ஆண்டு, அகாடமியில் ஓராண்டு, பிறகு அதிகாரி. அவன் அதற்கு எழுதினான். மறுபடி அதே ஐந்து நாள், அதே மங்கலான படம், அதே அறுபது சொல். இம்முறை ஐந்தாம் நாள் அவன் எண்ணை வாசித்தார்கள்.

எப்படிடா முடிந்தது என்று கேட்டேன். கோச்சிங் ஏதாவது போயிருப்பான் என்று நினைத்தேன்.

"கோச்சிங்லாம் இல்ல சார். ஆபீஸ்ல உக்காந்துகினு மூணு வருஷம் ஆபீசருங்க பேசறதக் கேட்டேன். அவங்க லெட்டர் டைப் பண்ணேன். அப்புறம் அவங்களும் நம்மள மாதிரி யோசிச்சு யோசிச்சுத்தான் பேசறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அவ்ளோதான் சார்."

டேராடூன் போவதற்கு முன்பு லீவில் வந்தவன், ஒரு சனிக்கிழமை காலை மைதானத்துக்கு வந்தான். அப்பாவும் கூட வந்து வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். பரேட் முடிந்து கடைசி இருபது நிமிடம். முதலாண்டுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார, இவனும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தான். இன்றைக்குத் தலைப்பை நீயே கொடு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "பாலாறு" என்றான். நடுங்கிக்கொண்டே முதலில் எழுந்த பையன், இங்கிலீஷிலா சார் என்று என்னைப் பார்த்தான். நான் சொல்வதற்குள் அவன் சொன்னான்: "தமிழ்ல சொல்லு தம்பி. சொல்றதுக்கு இன்னா இருக்குன்னு மொதல்ல பாப்போம்."